அட்டை கிழிக்கிற மேசை

ஓம் பிள்ளை, மேசை மாறுறதைப் பற்றித்தான் சொல்லுறன். பிறேக் முடிய நீர் என்ரை மேசைக்குப் போம், நான் உம்மடையிலை நிக்கிறன். அங்கை கட்டுக்கட்டாக் கிடக்கிற அந்த ஒரே புத்தகத்தை மட்டும் கிழிச்சு முடிச்சுத் தந்தால் காணும். சுப்பவைசரிட்டைக் கேக்கத் தேவையில்லை. ஆர் கிழிச்சாலும் அவனுக்கு ஒண்டுதான்.

முதல் நாளெல்லோ, உமக்கு அந்தரமாத்தான் இருக்கும். எனக்கும் கை கூசினது. காலிலை புத்தகம் பட்டால் எடுத்துக் கண்ணிலை ஒத்தின சனம் நாங்கள். இஞ்சை என்னெண்டால், கடையளிலை விலைப்படாமல் திரும்பி வாறதை அட்டை வேற உள் வேறயாக் கிழிக்கிறம். அட்டையளை எண்ணி ஒவ்வீசுக்குக் குடுக்கிறது. மற்றதெல்லாம் மெசினுக்கை நசிஞ்சு கூழுக்குப் போகுது.

சேர்ச்சிலை எனக்குப் பெரிய மரியாதை, தெரியுமோ? புத்தகக் கொம்பனியிலை வேலையாம். செல்வரட்ணம் அங்கிள் கவிதைக் கட்டோட வந்திட்டார், ‘அன்ரனெற், உங்கட ஆக்களிட்டைச் சொல்லி இதை அச்சிலை போடுவியும்’ எண்டு. மனுசன்ரை கவிதை வந்தாலும் கடைசியா என்ரை கையுக்குத்தான் வரும் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

இல்லை, எனக்கு அங்கை ஒருத்தரையும் தெரியாது. கொம்பனியின்ரை பெரிய ஆக்கள் எல்லாரும் டவுண்ரவுணிலை. நாங்கள் இஞ்சை மார்க்கம் ரவுணிலை, இந்தக் களஞ்சியத்துக்கை. ஒரு கோல் எடுத்தாலும் ஆளிட்டைப் போய்ச் சேராது. எடுத்துப் பாத்தனான். சேர்ச்சுக்கு வாற கிளடிஸின்ரை மகள்தான் எனக்காக இங்கிலீசிலை கதைச்சவள். மெசேச் விடச் சொல்லிச்சினம், விட்டம். பேந்தொருக்கா எடுத்தம். அட்டைப் படம் ஏதோ ஏஜென்சியிலை வாங்கினதாம், எடுத்தது ஆரெண்டு தங்களுக்குத் தெரியாதாம்.

எந்தப் படமோ? என்ரை மேசையிலை கிடக்கிறதின்ரை அட்டைதான்.

ஒண்டை எடுத்துப் பைக்கை வைக்கிறதோ? கதவடியிலை சோதிக்கிறாங்கள், காணேல்லையே நீர்? ஒரு பிலிப்பினோப் பெட்டை சமையல் புத்தகம் ஒண்டு எடுத்தவள், அண்டைக்கே வேலையாலை நிப்பாட்டி வீட்டை அனுப்பிப் போட்டாங்கள். காசு தாறன் ஒண்டு தாங்கோ எண்டு சுப்பவைசரிட்டையும் கேட்டனான். கடையிலை போய் வேண்டு எண்டான். கடையளிலை இருந்ததெல்லாந்தானே இஞ்சை வந்து கிடக்குது.

காலமையிலையிருந்து பாதி கிழிச்சாச்சு. மிச்சம் ஏலாமல் கிடக்கு, அதுதான் உம்மைக் கேக்கிறன்.

அது, தொண்ணூற்றைஞ்சிலை யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தாலை வெளிக்கிட்டுதெல்லோ, அப்ப எடுத்த படம். மழை. முன்னுக்கு ஒரு பெட்டை, தலையிலை சூட்கேசு. எங்கட கிறிஸ்ரினா மாதிரிக் கிடக்கு.

ஓம், மகள்தான். என்ரை தங்கச்சியோட ஊரிலை விட்டிட்டு இஞ்சை வந்தனான். அந்த இடப்பெயர்வோட ரெண்டு பேரின்ரை தகவலும் இல்லை.

அவள்தான் எண்டு அடிச்சுச் சொல்லவும் ஏலாது பிள்ளை. விட்டிட்டு வரேக்கை ஆறு வயசு. படத்திலை நிக்கிறவளுக்குப் பன்ரெண்டு இருக்கும். பெத்தவளுக்குத் தெரியாதோ எண்டு மட்டும் கேட்டுப் போடாதேயும்.

பெல் அடிக்குது. எங்கை எழும்பிறீர், என்ரை மேசைக்கோ?

வேண்டாம், நீர் உம்மடையிலையே நில்லும். உமக்கு இளம் கை, கெதியெண்டு கிழிச்சுப் போடுவீர். நானே ஆறுதலாக் கிழிக்கிறன்.