நின்ற வண்டியில் பேச்சு

மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் கடையில் பஞ்சருக்காகக் காத்திருந்தபோது கேட்டது. எனக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி, ஐம்பதைத் தாண்டியவர்கள். இருவரின் கையிலிருந்த ஹெல்மெட்டிலிருந்தும் வயர் இறங்கி பைக் சீட்டுக்கு அடியில் போனது.

"ஓட்டும்போது ரெண்டு பேரும் பேசிக்க ஹெல்மெட்ல இன்டர்காம் மாட்டி ஒரு மாசம்கூட ஆவல. எங்க ஓட்டினீங்க, பேட்டரி இப்படி இறங்கியிருக்கு?" என்றார் மெக்கானிக்.

"எங்கயும் ஓட்டல தம்பி. ரெண்டு நாளா வாசல்ல நிறுத்தி, அதுமேல உக்காந்து பேசினோம்," என்றார் அந்த அம்மா.

"நின்ன வண்டியிலயா?"

"சாவி போட்டாத்தானே இது பேசுது? மில்லுல தறிச் சத்தத்துல இவருக்குக் காது போயிடுச்சு. வீட்ல கத்தித்தான் பேசணும். உள்ள பொண்ணு இருக்கா. புருஷன் அடிக்கிறான்னு வந்துட்டா. திரும்ப அனுப்பறதா வேணாமான்னு அவ காதுபடவா பேசறது? இதுலன்னா மெதுவாப் பேசலாம்."

"என்ன முடிவு பண்ணீங்க?"

"நீ என்ன சொல்றன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பேட்டரி இறங்கிடுச்சு."

என் பஞ்சரை யாரும் கவனிக்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. மெக்கானிக் வேறு பேட்டரி மாட்டி சாவியைத் திருப்பினார். இருவரும் ஹெல்மெட் போட்டு ஏறி உட்கார்ந்தார்கள்.

"ஹலோ சொல்லிப் பாருங்கம்மா."

அந்த அம்மா ஹலோ சொல்லவில்லை. "அவள அனுப்ப வேணாங்க," என்றார்.

முன் சீட்டில் இருந்த கணவர் தலையை ஆட்டினார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "நல்லாக் கேக்குதுப்பா," என்றார்.