சித்திரை மாசத்து ஆயுத பூஜை

கம்ப்யூட்டர் பாதுகாப்பு, பாதுகாப்புன்னு இவ்வளவு நேரம் பேசிட்டோம்... கொட்டாவி விடுறவங்க கொஞ்சம் நிமிந்து உக்காருங்க. ஒரு சின்னக் கதை சொல்றேன்.

ஒரு ஊர். அந்த ஊருக்கே குடிதண்ணி அனுப்புற பம்பிங் ஸ்டேஷன். வால்வு திறக்கிறது, மோட்டார் ஓட்டுறது எல்லாமே கம்ப்யூட்டர்தான். அங்க இன்ஜினியர் செண்பகவல்லி. அவங்களுக்குக் கீழ ஆபரேட்டர் அருமைராஜ்.

அருமைராஜ் தங்கமான மனுஷன். ஆனா என்ன பண்ணிட்டாரு? மச்சினி வளைகாப்பு வீடியோவைப் பென்டிரைவ்ல கொண்டு வந்து, எல்லாரும் பாக்கட்டுமேன்னு அந்தக் கம்ப்யூட்டர்லயே குத்திட்டாரு! சிரிக்கிறீங்க... ஏங்க, நீங்க குத்தினதே இல்லையா? பாருங்க, சிரிப்பு நின்னுடுச்சு!

வீடியோவோட ஒரு வைரஸும் உள்ள வந்துடுச்சு. எந்த நாட்டுலயோ உக்காந்திருக்கிற எவனோ அனுப்பினது. சித்திரை மாசம், மண்டையைப் பொளக்குற வெயில். திடீர்னு திரை கறுத்துச்சு. மோட்டார் நின்னுச்சு. வால்வெல்லாம் மூடிக்கிச்சு. 'பணம் குடுத்தாத்தான் திறப்போம்'னு திரையில ஒரே ஒரு வரி.

அந்த நேரம் பாத்து ஆஸ்பத்திரியில இருந்து போன். போனை வச்சுட்டு அருமைராஜ் செண்பகவல்லிகிட்ட ஓடினாரு. "மேடம்... என் வீட்டுக்காரி அங்க டயாலிசிஸ்ல படுத்திருக்கா. ஆஸ்பத்திரித் தொட்டியில தண்ணி அடியைத் தொட்டுடுச்சாம். தண்ணி இல்லைன்னா மெஷின் நின்னுடும் மேடம். குத்தினது நான்தான்... பாவி நான்தான்..."

இன்ஜினியரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "அழறதை அப்புறம் வச்சுக்கலாம் அருமைராஜ். கம்ப்யூட்டர் ஒயரையெல்லாம் பிடுங்குங்க. எல்லாரையும் கூப்பிடுங்க. இன்னைக்கு நமக்கு ஆயுத பூஜை!"

சித்திரையில ஆயுத பூஜையா?... கேளுங்க. ஆயுத பூஜை அன்னைக்கு நாம அருவாமனைக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வச்சு ஓய்வு குடுப்போம்ல? அந்த ஸ்டேஷன்ல கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வச்சு அணைச்சுடுவாங்க. ஊருக்கு லீவு உண்டு... தாகத்துக்கு லீவு உண்டா? அதனால அன்னைக்கு முழுக்கக் கையாலதான் வேலை. வருஷா வருஷம்! எந்த வால்வை முதல்ல திறக்கணும், எந்த மோட்டாரை அடுத்துப் போடணும்... அத்தனை பேருக்கும் அத்துப்படி.

ஓடினாங்க பாருங்க! வாட்ச்மேன், கிளார்க், டிரைவர், இன்ஜினியரம்மா... மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு வால்வுச் சக்கரம், வெயில்ல கொதிக்குது. துண்டைச் சுத்திப் பிடிச்சாங்க, சேலைத் தலைப்பைச் சுத்திப் பிடிச்சாங்க. "ம்ம்... இன்னும்... விடாதீங்க... இன்னும்..." வால்வு திறந்துச்சு. சுவிட்சைக் கையால போட்டாங்க. மோட்டார் உறுமுச்சு. பெரிய குழாய்க்குள்ள தண்ணி பாயுற சத்தம் கேட்டிருக்கீங்களா? காலுக்குக் கீழ நிலமே அதிரும்! இதைச் சொல்லும்போது எனக்கு இப்பவும் உடம்பு சிலிர்க்குது. முகம் தெரியாத ஒருத்தன் ஊரையே கட்டிப் போட்டான்... பத்துப் பேர் கை அவிழ்த்து விட்டுச்சுங்க. அப்பப்பா... மனுஷன் கை எவ்வளவு பெரிசு!

மறுபடி போன். நர்ஸ் பேசுது. "அண்ணே, தண்ணி வந்துடுச்சு. அக்காவோட மெஷின் நிக்கவே இல்லை." அருமைராஜ் அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

சாயங்காலம் மனைவியைப் பாக்கப் போனாரு. அந்தம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது. "என்னங்க, உள்ளங்கையெல்லாம் கொப்புளமா இருக்கு?"

"ஒண்ணுமில்ல ஸ்டெல்லா... ஆபீஸ்ல ஆயுத பூஜை."

"சித்திரையிலயா? வெயில் உங்க மூளையை உருக்கிடுச்சு!"

அன்புள்ளவங்களே, நமக்கு இதுல என்ன இருக்கு? கண்ட பென்டிரைவைக் குத்தாதீங்க. பாஸ்வேர்டுக்குக் குலதெய்வம் பேரை வைக்காதீங்க, அது ஊருக்கே தெரியும்! நல்லாப் பூட்டுங்க. ஆனா எந்தப் பூட்டும் ஒரு நாள் உடையும். உடைஞ்ச அன்னைக்கு என்ன பண்ணுவீங்க? கரண்டு, ரயிலு, ஆஸ்பத்திரி... எல்லாத்தையும் திரைக்குள்ள வச்சுட்டோம். நல்லதுதான், நான் குறை சொல்லலை. ஆனா வருஷத்துல ஒரு நாளாவது அந்தத் திரையை அணைச்சுட்டு வேலை பாருங்க. முடியலையா? சந்தோஷப்படுங்க... எவனோ ஒருத்தன் வந்து நமக்குக் காட்டுறதுக்கு முன்னாடி, நாமளே தெரிஞ்சுக்கிட்டோம்!