பாண்டுரங்கனார் கேட்ட முதல் கேள்வி

மேடையில் இருக்கும் தலைவர் கோதண்டராமன் அவர்களே, ஒரகடத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! இந்தத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு நமக்கு இன்னும் எத்தனை துயரம் தரும்? மேடைப் பேச்சு எனக்கு வராது. கல்லூரியில் வரலாறு நடத்தியபோதும் குறிப்பைப் பார்த்தே பேசினேன். நேற்று எழுதியதை அப்படியே படிக்கிறேன்.

ஒன்று: ஆய்வாளர் பாண்டுரங்கனார் வேலை செய்த விதம்.
இரண்டு: அவரிடம் நான் கண்ட ஒரே குறை.
மூன்று: அவர் விட்டுச்சென்ற புத்தகம்.

குத்தகை விவசாயிகளின் தலைவர் சுப்பராயன் ஒரு வரிகூட எழுதிவைக்காமல் மறைந்தார். அவர் வரலாற்றை எங்கே தேடுவது? மக்களின் வாய்மொழியில் தேடினார் பாண்டுரங்கனார். டேப் ரெக்கார்டரோடு ஊர் ஊராகப் போனார். தலைவர் என்ன செய்தார் என்று எடுத்ததும் கேட்கமாட்டார். "அப்போ நீங்க எங்க நின்னுகினு இருந்தீங்க?" இதுதான் அவருடைய முதல் கேள்வி. "இன்னா வாத்தியாரே, போலீஸ்காரன் மாதிரி கேக்குற?" என்பார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்பார்.

இரண்டாவது செய்தி. தடியடி நடந்த ஸ்ரீபெரும்புதூர் ஊர்வலத்தில் சுப்பராயன் முன்வரிசையில் நடந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஊர்வலத்தில் நடந்த கோவிந்தம்மா மட்டும், சுப்பராயன் கடைசியில் வந்தார் என்றார். அது தலைவருக்கு இழுக்கு, நீக்கிவிடலாம் என்று, கைப்படியைச் சரிபார்த்துக்கொடுத்த நான் வாதாடினேன். "மொதல்ல அந்தம்மா குரலைக் கேளுங்க சார், அப்புறம் சண்டை போடலாம்" என்றார் பாண்டுரங்கனார். நான் கேட்கவில்லை. நான் ஒப்பாமல் அவரும் எழுதவில்லை. அந்த அத்தியாயம் அப்படியே கிடக்க, போன வாரம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. ஒரு சொல்லுக்காகப் புத்தகத்தையே நிறுத்திய பிடிவாதத்தைத்தான் குறை என்று எழுதினேன்.

மூன்றாவது, அந்தப் புத்தகம். முடிக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறீர்கள். எனக்குத் தகுதி உண்டா? தெரியவில்லை. இதுவரை படித்ததை எழுதிய பிறகு, இன்று காலைதான் ஒலிநாடாக்களைப் போட்டுக் கேட்டேன். முன்வரிசை என்றவர்களில் பலர் அன்று ஊர்வலத்திலேயே இல்லை. பிறகு மேடையில் கேட்டதைச் சொல்லியிருக்கிறார்கள். வந்தவர்களும் புறப்பட்டபோது பார்த்ததையே சொல்கிறார்கள். அதோ அமர்ந்திருக்கிறாரே கோவிந்தம்மா, அவர் சொல்வது இது:

"கைக்கொழந்தைய தூக்கினு நடக்க முடியல, கடைசில வந்தேன். போலீஸ் வண்டி பின்னாலயே வந்துச்சி. அதப் பாத்துட்டு அவரு முன்னாலேர்ந்து எங்ககிட்ட வந்துட்டாரு. மொதல் அடி அவரு முதுகுலதான் வுழுந்துது."

சபையோரே, புத்தகத்தை முடிப்பேன். அந்த அத்தியாயம் கோவிந்தம்மா நின்ற இடத்திலிருந்து தொடங்கும். அச்சுக்குப் போகுமுன் அவருக்குப் படித்துக்காட்டுவேன். பாண்டுரங்கனாரின் அந்தக் குறையை உங்களில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் தாளில் அடித்துவிடாமல் உங்கள் முன் படித்தேன். என் இரண்டாவது செய்தி தவறு. இதை அவரிடம் சொல்ல ஒரு வாரம் பிந்திவிட்டேன்.