ஏழு மணிக்கே போன விருந்தாளி

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க், பழுப்புக் கோட்டு போட்டவர். மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி. நடுவட்டம் தாண்டியதும் கோட்டுக்காரர் சொன்னது என் காதில் விழுந்தது.

"விருந்துக்குச் சொன்ன நேரத்துக்குப் போனதுதான் மாப்ளே தப்பு."

"ஏனுங்க மச்சான், ஏழு மணின்னுதானுங்களே மேனேஜர் துரை கார்டுல போட்டிருந்தாரு?"

"போட்டிருந்தாரு. ஆபீசருங்க எல்லாம் எட்டரைக்குத்தான் வர்றாங்க. ஏழு மணிக்கு பங்களா வாசல்ல நின்னது நான் ஒருத்தன்தான். பரிமாற வந்த ஆளுன்னு நெனச்சு துரையம்மா என்ற கையில ட்ரேயைக் குடுத்துட்டாங்க."

"நானும் விருந்தாளிதானுங்கன்னு சொல்ல வேண்டியதுதானுங்களே?"

"வாங்கிட்ட பொறகு எப்படிச் சொல்றது? அவங்க சங்கடப்பட மாட்டாங்களா?"

மாப்பிள்ளை மப்ளரால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"துரை பாக்கலீங்களா?"

"பாத்தாரு. ஒரு கட்லெட் எடுத்துக்கிட்டு, சூடா இருக்குன்னாரு."

"ஹெட் கிளார்க் வேலை கேக்கத்தானுங்களே அக்கா உங்களை அனுப்புச்சு? அது என்னாச்சுங்க?"

"உன்ற அக்காகிட்ட இன்னும் சொல்லலை. அந்த வேலையை என்ற ஜூனியருக்குக் குடுத்துட்டதா துரை அங்கயே எல்லாருக்கும் சொன்னாரு. அவன் ஒம்பது மணிக்கு வந்தவன். ஒரே கைதட்டல்."

"நீங்களுமா தட்டுனீங்க?"

"எப்படித் தட்டறது? ரெண்டு கையிலயும் ட்ரே இருந்துதே."