ரெண்டு முழப் போர்வை

இல்ல வைதேகி, அந்த பீரோவுல வைக்காதீங்க, அது தைச்சு முடிச்சதுக்கு. பாதில நிக்கிறதெல்லாம் இந்த ஷெல்ஃபுலதான். நம்ம செவ்வாக்கிழமை போர்வைத் தையல் குரூப்புல சேர்ந்த முதல் நாளே சொல்லிடறேன், அப்புறம் டோரதி டீச்சர் கத்துறாங்கன்னு மந்தைவெளி பூரா போய் சொல்லக் கூடாது.

ஒரு போர்வைக்கு ஒரு பை. புடவைக் கடைல குடுக்குற ஜிப் பைதான். வெட்டின துண்டு, நூலு, நடுவுல வைக்கிற பஞ்சு, எல்லாம் அதுக்குள்ளயே. மேல ஒரு சீட்டு. யாரு தைக்கிறது, யாருக்கு, எது வரைக்கும் ஆச்சுன்னு.

ரூமா? என் பையன் ஜெஃப்ரி ரூமு. பெங்களூர்ல இருக்கான். வர்றதில்ல, மூணு வருஷமாச்சு. அவன் கட்டிக்கிட்ட பொண்ணைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னேன். ஒண்ணில்ல, நாலஞ்சு சொன்னேன். கல்யாணத்துக்கும் போகல. சரி, அத விடுங்க.

போன வாரம் மழைல செவுத்துல ஓதம் ஏறிடுச்சு. பை பையா பிரிச்சு உதறி, மடிப்பு மாத்தி மடிச்சேன். ஒரே மடிப்புல கிடந்தா அந்த இடமே நைஞ்சுடும், பாத்துக்கோங்க. அப்பதான் அடில ரெனிட்டாவோட பை. அதுல மட்டும் சீட்டு இல்ல.

ரெனிட்டாவ நீங்க பாத்ததில்ல இல்ல? இருபத்திரெண்டு வருஷம் ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல்ல வேலை. எனக்கு ஆபரேஷன் ஆனப்போ ஆஸ்பத்திரில தரைல படுத்துக் கிடந்தவ.

பிரிச்சா, மஞ்சளும் வெள்ளையுமா முக்கால்வாசி முடிஞ்சிருக்கு. ஓரத்துல பேரு தைச்சிருக்கா, டோரதின்னு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அடுத்த மாசம் எனக்கு அறுபது வயசு வருது, அதுக்குத்தான் ஒளிச்சு வச்சுத் தைக்கிறா போலன்னு நினைச்சேன். ஆசையா மேல போட்டுப் பாத்தேன். முட்டி கூட மூடல. ரெண்டு முழந்தான்.

போன் பண்ணி, ஏன்டி, என்னை அளக்காமலே தைச்சிட்டியான்னு சிரிச்சுக்கிட்டுதான் கேட்டேன். அவ சிரிக்கல. ஸ்தனிஸ்லாஸக் கேளுன்னா. என் வீட்டுக்காரரு.

அவரு பேப்பர மடிச்சு வச்சுட்டு சொல்றாரு, ஜெஃப்ரிக்குப் பொண்ணு பொறந்து பதினோரு மாசமாச்சாம். இவரு ஞானஸ்நானத்துக்கே போயிருக்காரு. வேளாங்கண்ணி போறேன்னாரே, அப்போ. நான்தான் வழிக்குப் புளிசாதம் கட்டிக் குடுத்தேன். ரெனிட்டாதான் ஞானத்தாய், கோயில்ல குழந்தைய ஏந்திக்கிட்டு நின்னவ. அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு பையன் சத்தியம் வாங்கிட்டானாம்.

கேட்டேனே, அப்புறம் ஏன்டி என் வீட்டுலயே கொண்டாந்து வச்சேன்னு. சொல்லத்தான் கூடாது, உன் கண்ணுல பட்டா படட்டும்னு வச்சேன்னா. பதினோரு மாசம் வைதேகி! ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் எனக்கு எதிர்ல உக்காந்து, என் கையால காபி வாங்கிக் குடிச்சிருக்கா.

என்னது, குழந்தை பேரா? அதான், போர்வைல இருந்த பேருதான். என் பேருதான். பேரு மட்டும் வேணும் அவங்களுக்கு, நான் வேணாம். கூப்பிட்டா திரும்பிப் பாக்குதாம்.

போன்ல குழந்தை போட்டோ இருக்கு, காட்டட்டுமான்னு வீட்டுக்காரரு கேட்டாரு. வேணாம்னுட்டேன்.