புருல் அதிகாரிக்குப் போர்த்திய அங்கி

இது இப்படித்தான் முடியும் என்று நான் முதலிலேயே சொன்னவன். அதையும் இந்த வாக்குமூலத்தில் பதிந்துகொள்ளும்படி போலீஸ் ஐயாவைக் கேட்கிறேன். என் பெயர் சகின்பெக் ஜொரோயெவ், வயது 58, கிர்கிஸ்தானின் பாத்கென் மாகாணம் ஜேதி-தெரெக் கிராமத்தில் குடியிருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டேன். ஆனாலும் எல்லைச் சண்டையில் வீடு எரிந்தவர்களுக்கான எங்கள் ஊர் உதவிச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். மாகாணத்தில் இதற்கு இணையான சங்கம் கிடையாது.

பல நாடுகள் ஒரே அண்டாவில் போட்ட பணத்தை எங்களைப் போன்ற சங்கங்களுக்குப் பிரித்துத் தரும் பொது நிதியிலிருந்து, புருல் சதாரோவா என்ற அதிகாரி எங்கள் தேவையைப் பார்க்கச் சென்ற மாதம் வந்தார். வீடிழந்தவர்கள் பள்ளிக்கூடத் தரையில் படுத்திருந்தார்கள். பனி விழுமுன் அவர்களுக்குக் கூரையும் அடுப்பும் வேண்டும். விருந்தாளியை வெறும் தேநீரோடு அனுப்பும் ஊர் அல்ல எங்களுடையது என்பதால், வீடு வீடாகக் கம்பளம் இரவல் வாங்கி விரித்து, கன்றுக்குட்டி அளவுள்ள ஆட்டை அறுத்தேன்.

அவர் என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, "பாய்கே, எரிஞ்ச வீட்டக் காட்டுங்க, சாப்பாடு அப்புறம்" என்றார்.

"வெறும் வயித்தோட என்னத்தப் பாப்ப தங்கச்சி? கறி ஆறிடும், உக்காரு."

என் மனைவி ஜிப்பார் என் காதருகே, "உதவி கேக்குற வீட்ல இவ்ளோ கறியா? அந்தப் பொண்ணு என்ன நெனைக்கும்?" என்றாள். நான் அவளை அடக்கினேன். சாப்பிட்டு முடிவதற்குள் வெளிச்சம் போய்விட்டதால், எரிந்த வீடுகளை வாசலில் நின்றபடியே கைகாட்டினேன். கிளம்பும்போது அவர் கதவருகே தொங்கிய பட்டுக்கரை அங்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு, ஊர் வசதியாக இருப்பதால் நிதி இல்லை என்று பதில் வந்தது. பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கும் எஷிம் பெரியவர் எல்லோர் முன்பும், "எங்க கூரையையும் சேத்துத் தின்னுட்டியா தலைவரே?" என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதன் பிறகுதான் அங்கி விஷயத்தை ஊரிடம் சொன்னேன். லஞ்சமாக அங்கி வாங்கினார் என்று ஊர் புகார் எழுதியது. புருலுக்கு வேலை போனது. அவரை நீங்கள் இந்த நிலையத்தில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். சற்றுமுன் நடைவழியில் என்னைப் பார்த்ததும், வயதில் மூத்தவன் என்று எழுந்து நின்று சலாம் சொன்னார்.

மேலே உள்ள யாவும் உண்மை என்று நான் கையெழுத்திட வேண்டிய இடம் இது. ஒன்று நீங்கலாக இடுகிறேன். அங்கியை அவர் கேட்கவில்லை. விருந்தாளிக்கு அங்கி போர்த்தும் எங்கள் வழக்கப்படி நான்தான் போர்த்தினேன், இரண்டு தடவை கழற்றித் தந்தார், அவருக்குத் தெரியாமல் வண்டியில் வைத்தேன். கேட்டார் என்பது நானாகக் கட்டியது.

(ஒப்பம்) ச. ஜொரோயெவ்