மேல்தட்டு பிஸ்கட் டப்பா

கிட்ட வந்து உட்கார், கண்ணு. அந்தப் படிவத்தை மடியில் வைத்துக்கொள், அப்புறம் நிரப்பலாம். பிஸ்கட்டை யார் தின்றது என்றுதானே விசாரிக்க வந்தாய்? நல்ல கதையாகவே சொல்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் நான் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோது, என் தங்கை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு என்று என்னைத் தூக்கித் தூக்கியே அவள் முதுகு தேய்ந்துபோனது. உங்கள் பராமரிப்பு மையத்துக்காரர்கள் தங்கமானவர்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவளையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றீர்கள். அவள் முதுகுக்குப் பரிசோதனை, ஆளைத் தூக்கும் முறைக்கு வகுப்பு, அவளைப் போன்றவர்கள் கூடிப் பேச ஒரு அறை. அவள் போய்வர, வியாழன்தோறும் நான்கு மணி நேரம் இங்கே ஓர் உதவிக்காரப் பெண்.

முதல் வாரம் தங்கைக்கு வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. "போயிட்டு வாங்கம்மா. பெரியம்மாவ நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்?" என்று அந்தப் பெண்தான் அனுப்பிவைத்தாள்.

ஒரே மாதத்தில் தங்கை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரும்பினாள். "அக்கா, அங்க ஒருத்தி அவ மாமியார் மாதிரியே பேசிக் காட்டுறா. சிரிச்சு சிரிச்சு வயிறே புண்ணாப் போச்சு."

'நீ யாரைப் பேசிக் காட்டினாய்?' என்று அவளிடம் நான் கேட்கவில்லை. எனக்கு அவள் உடம்பைப் பற்றித்தான் கவலை. இந்த வயதில் அத்தனை சிரிப்பு ஆகாது.

எனக்குச் சர்க்கரை என்பதால் பிஸ்கட் டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். வியாழக்கிழமைகளில் மட்டும் அது குறைய ஆரம்பித்தது.

"பசிச்சா கேட்டுச் சாப்பிடக் கூடாதாம்மா?" என்று தங்கை அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"சத்தியமா நான் தொடலம்மா."

"அப்போ எங்கக்காவா எழுந்து போய் எடுத்தா?"

"பாவம், விடுடி. சின்னப் பொண்ணு" என்று நான்தான் பரிந்து பேசினேன். அடுத்த வாரம் அவள் பைக்குள் பிஸ்கட் தூள் கிடந்தது. தங்கை உங்களுக்குப் போன் செய்தாள்.

அலமாரிக்கும் அவள் பைக்கும் போய்வர, அந்தப் பெண் மாடியில் துணி காயப்போடும் பத்து நிமிஷம் எனக்குப் போதும். ஆமாம் கண்ணு, நடந்துதான் போனேன். மூன்று வருஷமாக நடக்கிறேன்.

இப்போது வியாழக்கிழமையும் தங்கை வீட்டிலேதான். முதுகு வலி என்கிறாள். தைலம் தேய்த்துவிடுகிறேன், உட்கார்ந்தபடி கை எட்டுகிற வரைக்கும்.

அந்தப் பெண் திருடவில்லை என்று எழுதிக்கொள். அவளுக்கு வேறு நல்ல வீடாகப் பார்த்துக் கொடு. நான் நடப்பதை மட்டும் எழுதாதே, படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. தங்கைக்குத் தெரிந்தால் உடைந்துபோவாள். என்னைத் தூக்குவதை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

அதோ வருகிறாள். சற்றுத் தள்ளி உட்கார், என்னைத் தூக்க அவள் குனிய இடம் வேண்டும். உன் வீடு நிறைந்திருக்கட்டும், கண்ணு. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர உனக்கும் இப்படி ஒரு தங்கை இருக்கட்டும்.